கத்தி மூட்டில் ஒரு சொட்டு

என் கத்தியை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வைத்த இடத்தில்தான் இருந்தது. மூடித்தான் இருந்தது. ஆனால் நான் வைத்துவிட்டுப் போனபோது அதன் முனையிலிருக்கும் வளையம் சுவரைப் பார்த்து இருந்தது. திரும்பி வந்தபோது ஜன்னலைப் பார்த்து இருந்தது. எதிரே என் நாத்தனார் தலை குனிந்தபடி டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி மேசை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"யாரு வருவாங்க அண்ணி? பூதக்கண்ணாடி ஒரு சுத்து வந்துட்டுப் போனாரு. உங்க நாற்காலியைப் பாத்து முறைச்சாரு. பாவம், நாற்காலி பயந்துடுச்சு."

நான் சிரிக்கவில்லை. நான் சிரிப்பேன் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரு ரோஜா நாற்றுப் பண்ணையில் ஒட்டுக் கட்டுகிறவர்கள். தொட்டியில் வளர்ந்த காட்டு ரோஜாத் தண்டின் தோலில் கத்தியால் ஒரு சின்னக் கீறல் போடுவோம். நல்ல ரோஜாக் குச்சியிலிருந்து ஒரு மொட்டைத் தோலோடு சீவி எடுப்போம். அதைக் கண் என்போம். கண்ணைக் கீறலுக்குள் செருகி டேப்பால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இருபத்தொரு நாள் கழித்து டேப்பைப் பிரிக்கும்போது கண் பச்சையாக இருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. கருகியிருந்தால் இல்லை. இடையில் எதுவும் தெரியாது. இந்த வேலையில் இன்றைக்குச் செய்த தப்பு இன்றைக்குத் தெரிவதில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் வந்து எதிரே நிற்கும்.

பூதக்கண்ணாடி என்பது எங்கள் மேற்பார்வையாளர். பிரித்த ஒவ்வொரு கண்ணையும் சட்டைப்பையிலிருக்கும் லென்ஸை எடுத்து வைத்துப் பார்ப்பார். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே அவர் எங்கள் மேசைக்கு வந்து சொல்லிவிட்டார்: "பருவம் முடிஞ்சதும் இந்த மேசைக்கு ஒருத்தர் போதும்னு முதலாளி சொல்றாரு. யாருக்கு அதிகம் பிடிக்குதோ அவங்க இருக்கட்டும். இன்னொருத்தர் மண் கொட்டகைக்குப் போகட்டும். ஒரே வீட்டு ஆளுங்க. நீங்களே பேசிக்கிட்டாலும் சரி."

நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அன்று பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஒன்பது நிறுத்தம் வரை ஒரு வார்த்தை இல்லை. அவள் என் கணவரின் தங்கை. அவளுடைய கணவன் வேலைக்கென்று போய் வேறெங்கோ வேர்விட்டுவிட்டான். இரண்டு வருடமாக எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு பெட்டியோடு இருக்கிறாள். ஒட்டு வேலையை வேறொரு பண்ணையில் கற்றுக்கொண்டு வந்தவள். சுத்தமான கை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மண் கொட்டகையில் நாள் முழுக்க மண்வெட்டி. எனக்கு அது முடியாது. ஏன் முடியாது என்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கத்தி மடக்குக் கத்தி, ஒரு விரல் நீளம். போன வருடம் ஒருத்தி திறந்த கத்தியோடு அடுத்த தொட்டிக்குக் கை நீட்டி முழங்கையைக் கிழித்துக்கொண்டதிலிருந்து இங்கே ஒரு சட்டம் வந்துவிட்டது. ஒரு தொட்டி முடிந்ததும் கத்தியை மூட வேண்டும். மூடிவிட்டுத்தான் அடுத்த தொட்டியை இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தொட்டி. இருநூறு முறை இடது கட்டைவிரல் நகத்தை அலகின் பள்ளத்தில் கொடுத்து நெம்ப வேண்டும். தண்டின் சாறும் மண்தூசியும் கத்தியின் மூட்டில் போய்க் காய்ந்துவிட்டால், மத்தியானத்துக்கு மேல் அது துருப்பிடித்த பூட்டைத் திறப்பது போலத்தான்.

அதற்காக எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலம் கத்திக்கு எண்ணெய் வைப்போம். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஸ்பிரிட் நனைத்த துணியால் மூட்டின் அழுக்கை எடுக்க வேண்டும். துணிக்கு வராததைப் பல் குத்தும் குச்சியால் நோண்ட வேண்டும். ஊசி முனையைத் தையல் மெஷின் எண்ணெயில் தோய்த்து, ஆணி இறங்கியிருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் கூடாது. பத்து நாளில் அதுவே பிசினாகிவிடும். இருபது முறை திறந்து மூடினால் சொட்டு உள்ளே இறங்கிவிடும். பிறகு துணியில் ஒன்றும் ஒட்டாத வரை துடைத்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சும்மா கிடக்க விட வேண்டும். திங்கட்கிழமை அலகை மறுபடியும் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் முதல் கண்ணைச் சீவுவோம். கீறலில் எண்ணெய் பட்டால் ஒட்டு பிடிக்காது. இது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பதினான்கு வருடமாகத் தெரியும்.

மழை தொடங்கிய வாரத்தில் என் இடது கட்டைவிரலின் அடி மூட்டு வீங்கியது. முன்பும் வீங்கியிருக்கிறது, இரண்டு நாளில் வடிந்துவிடும். இந்த முறை வடியவில்லை. நாற்பதாவது தொட்டியில் வலி மணிக்கட்டுக்கு ஏறும், நூறாவது தொட்டியில் முழங்கைக்கு. இதை வெளியே சொன்னால் மேசை போய்விடும் என்பது சொல்லாமலே தெரிந்தது. ஆகவே கத்தியை இளக்கினேன். சனிக்கிழமை வரை காத்திருக்காமல் தினமும் எண்ணெய் வைக்க ஆரம்பித்தேன். காலையில் வந்ததும் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஊசியைத் தேட நேரமில்லாமல் புட்டியின் மூக்காலேயே வைப்பேன். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை. வெளியே யாராவது கதவைத் தட்டுவதற்குள் ஏப்ரனில் துடைத்துப் பையில் போட்டுக்கொள்வேன். கத்தி வெண்ணெயில் போவது போலத் திறந்தது. அலகு பார்ப்பதற்குப் பளிச்சென்று இருந்தது. எண்ணெய் இருப்பது மூட்டில், நான் வெட்டுவது அலகில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் துடைப்பின்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. அடுத்தவர்கள்மேல்தான் இல்லை.

மூன்று வாரம் கழித்து, மழைக்காலத்து முதல் தட்டுகளைப் பிரித்தார்கள். ஒரு தட்டுக்கு இருபத்துநாலு தொட்டி. என் முதல் தட்டில் பதினைந்து கருகியிருந்தது. எதிரே அவளுடைய தட்டில் ஒன்று.

பூதக்கண்ணாடி லென்ஸை இறக்கவில்லை. "என்னம்மா இது? உங்க கையா இது?"

"குச்சி சரியில்ல சார்."

"ஒரே பெட்டியிலதானே ரெண்டு பேரும் குச்சி எடுத்தீங்க."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவளுடையதை இழுத்துக்கொண்டார். கேள்வி கேட்பதைவிட அது மோசம்.

அன்றிலிருந்துதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிப்பது என்றால், ஒரு மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஒருத்தியின் கையை நாள் முழுக்கப் பார்ப்பது. டேப் சுருள் இரண்டு பேருக்கும் பொது. அதன் என் பக்கத்தில் ஏதாவது தடவுகிறாளோ என்று முகர்ந்து பார்த்தேன். என் குச்சிகள் நனைந்திருக்கும் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, வளையம் திரும்பியிருந்தது.

கண் குச்சிகள் குளிர்ப்பெட்டியில், அடுத்த கொட்டகையில் இருக்கும். காலையில் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை போய் எடுத்துவர வேண்டும். வரிசையில் நின்று வாங்கி வரப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் என் கத்தி மேசையில் இருக்கும், அவள் எதிரே இருப்பாள். இன்னொருத்தர் கத்தியைத் தொடுவது இங்கே வழக்கமில்லை. ஒவ்வொரு கத்தியும் அந்தக் கைக்குப் பழகியது. வேறு கை பட்டால் கூர் போகும் என்பார்கள். அது உண்மையோ பொய்யோ, யாரும் தொடுவதில்லை.

வியாழக்கிழமை அவளுடைய நாற்காலிக்குக் கீழே ஒரு காகிதத் திரி கிடந்தது. தீக்குச்சி அளவுக்கு முறுக்கியது. பிரித்துப் பார்த்தேன். நடுவில் மஞ்சளாக ஒரு கறை. பையில் போட்டுக்கொண்டேன். என்ன கறை என்று அன்றைக்கு யோசித்திருக்கலாம். யாருடைய கறை என்றுதான் யோசித்தேன்.

வீட்டில் சாப்பிடும்போது என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். காதோரத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அன்றைக்கு நீலம்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா? சொன்னா நானும் சேந்து அழுவேன்ல."

"அண்ணிக்குத் தலைவலிண்ணா" என்றாள் அவள்.

"உனக்கு என்ன?"

"எனக்கு அண்ணி."

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி, தோளைக் குலுக்கிச் சிரிப்பார்கள். இவருக்கும் தெரியுமோ என்று ஒரு கணம் தோன்றியது. தங்கைக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று இவரே சொல்லியிருப்பாரோ. அப்படியெல்லாம் நினைக்கக்கூடாது என்று தெரிந்தே நினைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நினைத்தேன்.

நடுவில் இரண்டு நாள் அவளுக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்திருந்தாள். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. மேசையில் நான் மட்டும். கத்தியை யாரும் தொட முடியாது. இந்த இரண்டு நாள் கட்டியதாவது உருப்படும், அதை வைத்தே இவளை மடக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு தொட்டிக்கும் தேதி எழுதிய அட்டை ஒன்று கட்டித் தொங்கவிடுவோம். அந்த இரண்டு நாள் அட்டைகளில் மட்டும், மூலையில், பேனாவால் ஒரு சிறு புள்ளி வைத்தேன். ஒவ்வொரு புள்ளியையும் வைக்கும்போது எனக்கு ஏனோ வாய் இனித்தது.

அவள் திரும்பி வந்து பத்து நாள் போன பிறகு, குச்சி எடுக்கப் போவதுபோல எழுந்து போய், பாதி வழியில் திரும்பி வந்தேன். என் கத்தி அவள் கையில் திறந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு துணி. மூட்டின் இடுக்கில் ஒரு காகிதத் திரி செருகியிருந்தது.

நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் திரியை உருவிவிட்டாள். அவசரப்படவில்லை. கத்தியை மூடி மேசையில் வைத்தாள்.

"பிசினா இருந்துச்சு அண்ணி. துடைச்சேன்."

"என் கத்தி பிசினா இருந்தா உனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல."

அந்த ஒண்ணுமில்லையை நான் நாள் முழுக்க மென்றேன். கொட்டகையில் மழை தகரத்தில் விழும் சத்தம் மட்டும் இருந்தது. சாயங்காலம் எழுந்திருக்கும்போது எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

மறுநாள் காலை பூதக்கண்ணாடியிடம் போய், "என் கத்தியில அவ என்னவோ பண்றா சார். கண்ணால பாத்தேன்" என்றேன்.

அவர் அவளைக் கூப்பிட்டார். "இவங்க கத்தியைத் தொட்டியாம்மா?"

"தொட்டேன் சார்."

"எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் இடுப்புக்குக் கீழே எதையோ பார்த்தாள். கையில் வைத்திருக்கும் கத்தியைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"சும்மாதான் சார்."

"சும்மா தொடறதுக்கு அது என்ன பூனைக்குட்டியா?" என்றார் அவர். அன்றே அவளை மண் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். போகும்போது அவள் தன் கத்தியை மேசை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான்காம் நாள் என் தட்டு ஒன்றைப் பிரித்தார்கள். இருபத்துநாலில் இருபத்துமூன்று பச்சை.

பூதக்கண்ணாடி லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கையைத் தட்டினார். "பாத்தீங்களா? அவ எழுந்து போனா, உங்க செடி நிமிந்துடுச்சு." பக்கத்து மேசைக்காரிகள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருத்தி வந்து என் தோளைத் தொட்டாள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே அட்டையைப் பார்த்தேன். அந்தத் தட்டு இருபத்தொரு நாளுக்கு முன் கட்டியது. அன்று அவள் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து போனதற்கும் இந்தப் பச்சைக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாது. பதினான்கு வருடமாக மூன்று வாரக் கணக்கிலேயே வாழ்ந்தவளுக்கு இது உறைக்காமல் இருக்குமா? உறைத்தது. அதைத் தள்ளி வைத்தேன். அப்போது அவள் இன்னும் ஆரம்பித்திருக்க மாட்டாள் என்றேன். அப்படியானால் அதற்கு முந்திய தட்டுகளெல்லாம் ஏன் கருகின என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் கத்தியை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன்.

மறுநாளும் பச்சை. அதற்கு மறுநாளும் பச்சை. அதற்கடுத்த நாள் புள்ளி வைத்த தட்டுகள் வந்தன.

அவற்றை நானே பிரிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். முதல் தொட்டி கருகல். இரண்டாவது கருகல். மூன்றாவதில் கண் டேப்போடு சேர்ந்து கையோடு வந்துவிட்டது, காய்ந்த தோல் மாதிரி. எட்டாவதில் ஒன்று பச்சை. பிறகு வரிசையாகக் கருகல். அவள் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாள். யாரும் என் கத்தியைத் தொடாத இரண்டு நாள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மேசையில் தனியாக உட்கார்ந்து ஒரு புது அட்டையை எடுத்துக் கத்தியால் குறுக்கே கீறினேன். கீறிய இரண்டு ஓரத்திலும் அட்டை நிறம் மாறியது. வெளிச்சத்தில் பிடித்தேன். மயிரிழை அகலத்துக்கு, கண்ணாடி மாதிரி, அந்தப் பக்கம் தெரிந்தது. எண்ணெய். கத்தியை மடக்க மடக்க, மூட்டில் தேங்கி நின்ற எண்ணெய் அலகின் அடியைத் தொட்டு, அங்கிருந்து கூர்வரை ஊர்ந்து வந்திருக்கிறது. நான் துடைத்ததெல்லாம் கைப்பிடியை.

பையிலிருந்த அந்தப் பழைய திரியை எடுத்துப் பார்த்தேன். அதே மஞ்சள். என்னுடைய எண்ணெய்.

அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை. கணக்குத்தான் வந்தது. அவள் மண் கொட்டகைக்குப் போய் ஏழு நாள். இந்த ஏழு நாளும் யாரும் துடைக்காத கத்தியால் கட்டியிருக்கிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் அவை பிரியும்போது எல்லாம் கருகியிருக்கும். அதற்குள் இன்றிலிருந்து துடைத்துத் துடைத்துக் கட்டினால், ஏழு நாள் மட்டும்தான் கெட்டிருக்கும். குளிர்ப்பெட்டிமேல் பழி போடலாம். ஏழு நாளுக்காக யாரும் மேசையைப் பிடுங்க மாட்டார்கள். அவள் மண்ணிலேயே இருப்பாள்.

நான் அப்படிச் செய்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. அவளுக்குத் தெரியும்.

மண் கொட்டகைக்குப் போனேன். அவள் குவியலின்மேல் ஏறி நின்று கிளறிக்கொண்டிருந்தாள். முட்டி வரைக்கும் கறுப்பு. என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணி, வழி தவறிட்டீங்களா?"

குவியலின் அடிவரை போய் நின்றேன்.

"என் கத்தியில எண்ணெய் இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"உங்க தட்டு ரெண்டு நாள் கருகின பிறகு. அலகு மேல ஈ உக்காந்து வழுக்குச்சு."

"விளையாடாதே."

"நிஜமாத்தான். கைல எடுத்துப் பாத்தேன். மூட்டுல ஒரு கிணறே வெட்டி வெச்சிருந்தீங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? மேசைக்காகக் கதை கட்டுறேன்னு சொல்லியிருப்பீங்க. ஏன் தினம் எண்ணெய் வைக்கிறீங்கன்னு நான் கேட்டா, அதுக்கும் சேத்து என்னைத் திட்டியிருப்பீங்க." என் இடது கையைப் பார்த்தாள். "வீக்கம் ஜாஸ்தியாயிருக்கு. வெந்நீர்ல வைக்கிறீங்களா?"

கையை மடித்துக்கொண்டேன். பூதக்கண்ணாடி முன்னால் அவள் எதைப் பார்த்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. அன்று அவள் என் விரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மண் கொட்டகையில் நான் நின்றிருப்பேன்.

"உனக்கு என்ன வேணும்?" என்றேன். கேட்கும்போதே கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

அவள் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "நீங்க வேலை இல்லாம வீட்ல உக்காந்தா, நான் அந்த வீட்ல இருக்க முடியுமா? இப்பவே ராத்திரிச் சாப்பாட்டுல உங்க மூஞ்சியைப் பாக்க முடியல. வேலை போன மூஞ்சியை யாரால பாக்க முடியும்?"

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. அந்தப் பதிலை மட்டும் நான் நம்பினேன். அதில் அவளுக்கும் ஏதோ லாபம் இருந்தது.

"இனிமே நல்லாத் துடைச்சுட்டுக் கட்டுங்க" என்றாள். "திரி விட்டு மிச்சத்தை உறிஞ்சிடுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

திரும்பி நடந்து வரும்போது அந்த வார்த்தை என் கூடவே வந்தது. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். இன்றைக்குச் சொல்ல மாட்டாள். அடுத்த மாதம்? வீட்டில் ஏதாவது ஒரு சண்டையில்? அவள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் தோளைக் குலுக்கிச் சிரித்தால்? இனிமேல் அவள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் அதில் இது இருக்கும். என்னைப் பற்றிய ஒரு விஷயத்தை இன்னொருத்தி பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு என் வீட்டு முன்னறையில் படுத்திருப்பதை என்னால் தாங்க முடியாது. ஒரு நாள்கூட முடியாது.

நேரே பூதக்கண்ணாடியிடம் போனேன். நல்லவளாகிவிட்டதால் போகவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

"அவ ஒண்ணும் பண்ணல சார். என் எண்ணெய்தான்."

அவர் கத்தியை வாங்கித் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். மூக்கருகே கொண்டுபோனார். "நல்லாத்தான் திறக்குது" என்றார். "எண்ணெய்க் கத்தியால கட்டினா பிடிக்காதுன்னு புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்வேன். உங்களுக்கும் சொல்லணுமா?"

"வாரத்துக்கு ஒரு தரம்தான் வைப்பேன் சார். இப்பத் தினம் வெச்சேன்."

"ஏன்?"

கையை மேசைமேல் வைத்தேன். அவர் பழக்க தோஷத்தில் லென்ஸுக்குப் பையில் கையை விட்டார், பிறகு எடுத்துவிட்டார். என் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் பார்த்தேன். அது வேறு யாருடைய விரலோ மாதிரி இருந்தது.

"அவளைப் போய் வரச் சொல்லுங்க" என்றார் கடைசியில். "டிராயர் சாவி எங்கிட்டதான் இருக்கு."

என்னை என்ன செய்வது என்று அவர் சாயங்காலம் வரை சொல்லவில்லை. ஆறு மணிக்கு, போகிற போக்கில், "நாளையிலிருந்து நீங்க பிரிக்கிற மேசையில உக்காருங்க" என்றார்.

இப்போது அங்கேதான் இருக்கிறேன். பருவம் முடியும் வரைதான். அதற்கப்புறம் என்ன என்று தெரியாது. டேப்பைப் பிரிக்க இடது கட்டைவிரல் வேண்டியதில்லை. ஒரு சின்னக் கத்தரிக்கோலும் பொறுமையும் போதும். என்னுடைய அந்த ஏழு நாள் தட்டுகளை நானே பிரித்தேன். ஒவ்வொன்றையும் பிரித்து, கருகலைப் பிடுங்கி, கூடையில் போட்டேன். அவள் பேருந்தில் ஜன்னலோர இருக்கையை எனக்கு விடுகிறாள். ஏன் விடுகிறாள் என்று ஒன்பது நிறுத்தமும் யோசித்துக்கொண்டே வருகிறேன்.

நேற்று, அவள் மேசைக்குத் திரும்பிய பிறகு கட்டிய முதல் தட்டு என் முன்னால் வந்தது. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பூதக்கண்ணாடியின் லென்ஸைக் கேட்டு வாங்கினேன். கண் கண்ணாக வைத்துப் பார்த்தேன். தோல் சேர்ந்த ஓரம், கண்ணின் அடி, டேப் இறுக்கிய தழும்பு, எல்லாம். இருபத்துநாலும் பச்சை.

லென்ஸைத் துடைத்துக்கொண்டு, முதல் தொட்டியிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன்.